எண்ணுக்கும் ஏடு வேண்டும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபினர் நாம் என மேடைதோறும் முழங்குகின்றோம். எழுத்தைப் பொறுத்தவரை அம்முழக்கத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடிப் பெற்று 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது, அவ்வேடுகள் எவரெவரிடமிருந்து கிடைத்தன, எந்நிலையில் இருந்தன என்பனவற்றைப் பதிப்புரையில் எழுதிவைத்தார். அதே ஆண்டிற் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரின் பதிப்புகள், பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டும் ஒழுக்கத்தை நமக்குப் பழக்கின. ஏட்டிலுள்ள சொல்லைப் பதிப்பாசிரியன் மாற்றலாம்; ஆனால் மாற்றியதை மறைத்தல் ஆகாது. தமிழ்த்துறை மாணவன் முதலாண்டிலேயே கற்கும் அறம் இது.

எண்ணைப் பொறுத்தவரை நிலைமை என்ன? நமது பொருளியல் ஆய்வேடுகளில் அணிவகுக்கும் அட்டவணைகள் எத்தரவிலிருந்து, எவ்வழியாக, எத்தனை திருத்தங்களின் பின் பிறந்தன என்று எவரேனும் கேட்கின்றனரா? கேட்டால், எழுதியவரால் விடை கூற முடியுமா? நான் அறிந்தவரையில், ஆய்வேடு கட்டப்பட்டுக் கையளிக்கப்பட்ட ஆறு மாதங்களின் பின் பெரும்பாலானோரால் முடியாது. தடமறிந்து திரும்பிச் செல்ல முடியாத எண் சான்று அன்று. அது வெறும் வாய்ச்சொல்லே. இதுவே இக்கட்டுரையின் வாதம். கணனியில் தரவுக் கோப்புகளை ஒழுங்காகப் பேணுதல் எழுதுவினைஞரின் வேலையென ஒதுக்கத்தக்கதன்று. அது ஆய்வு நேர்மையின் ஒரு கூறு. அந்நேர்மையைப் பல்கலைக்கழகம் கற்பிப்பதுமில்லை. கேட்பதுமில்லை என்பதே எனது குற்றச்சாட்டு.

பிறரைக் குறைகூறுமுன் என் குற்றத்தை முன்வைப்பதே முறை. எனது சிறப்புப் பட்ட ஆய்வேடு மலையகத் தோட்டக் குடும்பங்களின் கடன் சுமை பற்றியது. நூற்றிருபது குடும்பங்களிடம் வினாக்கொத்தை நிரப்பினேன். வாய்மொழிப் பரீட்சையிற் பரீட்சகர் ஒருவர் மிக அமைதியாகக் கேட்டார்: “தம்பி, குடும்பங்கள் நூற்றிருபது என்கிறீர். நான்காம் அட்டவணையில் நூற்றுப் பதின்மூன்றே உள்ளன. மற்றைய ஏழும் எங்கே?” என்னிடம் விடையில்லை. ஏதோ ஒரு மாலைப்பொழுதில் அவ்வேழு நிரைகளையும் நானே நீக்கியிருந்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்திருத்தல் வேண்டும். அக்காரணத்தை நான் எழுதிவைக்கவில்லை. நீக்கிய கோப்பை மூலக்கோப்பின் மேலேயே சேமித்தமையால், அவ்வேழும் மீண்டும் தோன்ற வழியுமில்லை. வினாக்கொத்துத் தாள்கள் விடுதியை விட்டு நீங்கிய நாளிற் பழைய கடதாசிக்குப் போய்விட்டன. கொழுந்து நிறுத்துவிட்டு, நாள் முழுதும் மலையேறிய களைப்போடு, ஒரு மணிநேரம் அமர்ந்து தம் கடன்களையும் அடகுகளையும் எனக்கு எடுத்துரைத்த ஏழு குடும்பங்கள் என் கவனக்குறைவால் இல்லாதொழிந்தன. பரீட்சகர் புன்னகை செய்தார், நான் சித்தியடைந்தேன். சித்தியடைந்தேன் என்பதே இங்கு நான் கூறும் முதற் குற்றம்.

இஃது ஒரு மாணவனின் அசட்டை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் வினாக்கொத்துக்கும் அட்டவணைக்கும் இடைப்பட்ட பாதையை நோக்குவோர், அசட்டையில்லாத மாணவனும் அங்கு வழுக்கி விழுவான் என்பதை உணர்வர். தரவுக் கோப்பில் ஒவ்வொரு நிரையும் ஒரு நோக்கல். ஒவ்வொரு நிரலும் ஒரு மாறி. பார்வைக்கு இது எளிய சதுரம்தான். அச்சதுரத்துள் ஒளிந்திருக்கும் பொறிகளோ பல.

விடை கூறாதவர்களுக்கு 99 என்ற குறியீட்டை இடுவது வழக்கம். ஐவரின் வயதைக் கேட்டோம், மூவர் 20, 30, 40 என்றனர், இருவர் கூறவில்லை. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளுக்கு 99 என்பது விடையின்மையின் குறியென அறிவிக்க மறந்தால், சராசரி வயது 30 ஆக அமையாது 57.6 ஆக அமையும். கணனி முறையிடாது, தசமதானம் வரை துல்லியமாகத் தவற்றை அச்சிட்டுத் தரும். ஸ்ரேற்றா மென்பொருளிற் பொறி வேறு வடிவினது. அங்கு இல்லாப் பெறுமதி ஒரு புள்ளியாற் குறிக்கப்படும். ஒப்பீடு செய்யும்போது அப்புள்ளி எல்லா எண்களிலும் பெரிதெனக் கொள்ளப்படும். ஆகவே, வருமானம் 50,000 ரூபாவுக்கு மேற்பட்டோரைத் தெரிவுசெய் எனக் கட்டளையிட்டால், வருமானமே கூறாதவர்களும் செல்வந்தர் வரிசையில் வந்து அமர்ந்துவிடுவர். ஆர் மொழியில் வகைக் குறிகளாகச் சேமிக்கப்பட்ட எண்களை நேரே எண்ணாக மாற்றினால், எழுதிய எண்ணுக்குப் பதிலாக அவ்வகையின் வரிசை இலக்கம் கிடைக்கும்.

கோப்புகளை இணைக்கும்போது நேரும் பிழை இவற்றினும் நுட்பமானது. குடும்பத் தகவல் ஒரு கோப்பிலும் அங்கத்தவர் தகவல் மற்றொன்றிலும் இருக்கும். மாதம் 40 ஆயிரம் ரூபா வருமானமுள்ள எழுவர் கொண்ட குடும்பம் ஒன்றையும், 1 இலட்சம் ரூபா வருமானமுள்ள இருவர் கொண்ட குடும்பம் ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். குடும்பங்களின் சராசரி வருமானம் 70 ஆயிரம் ரூபா. இணைத்த பின்னர், அங்கத்தவர் கோப்பிலே நின்றுகொண்டு அதே சராசரியைக் கணித்தால், முதற் குடும்பத்தின் வருமானம் ஏழு தடவையும் இரண்டாவதினது இரு தடவையும் எண்ணப்பட்டு, விடை ஏறத்தாழ 53 ஆயிரம் ரூபா எனக் கிடைக்கும். இரண்டும் சரியாகக் கணிக்கப்பட்ட எண்களே. ஆனால் அவை இரு வேறு வினாக்களுக்கான விடைகள். எக்கோப்பில் நின்று கணித்தோம் என்பதை எழுதிவைக்காதவன், தான் எவ்வினாவுக்கு விடை கூறினான் என்பதையே அறியான்.

இத்தகைய வழுக்கள் மாணவருக்கு மாத்திரம் உரியவை எனக் கருதுவோருக்கு உலகறிந்த உதாரணம் ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றேன். 2010இல் கார்மென் றைன்ஹாட், ஹாவாட் பல்கலைக்கழகத்தின் கெனத் றொகொவ் ஆகிய இரு பேராசிரியர்கள், அரசாங்கத்தின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 90 சதவீதத்தைத் தாண்டும் நாடுகளிற் பொருளாதார வளர்ச்சி கடுமையாக வீழ்கின்றது என எழுதினர். வளர்ச்சியடைந்த நாடுகளில் அந்நிலையிற் சராசரி வளர்ச்சி மறை 0.1 சதவீதம் என்றது அவர்களது அட்டவணை. ஐரோப்பிய ஆணையத்தின் ஒல்லி றென், அமெரிக்கக் காங்கிரசின் போல் றயன் போன்றோர் அரசாங்கச் செலவைக் குறைக்க வேண்டுமென வாதிட்டபோது இவ்வாய்வைத் துணைக்கழைத்தனர்.

மசசூசெற்ஸ் பல்கலைக்கழகத்திற் பட்டப்பின் கற்கையிலிருந்த தோமஸ் ஹேண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சியாக இவ்வட்டவணையை மீளக் கணிக்க முயன்றார். எண்கள் ஒத்துவரவில்லை. ஆய்வாளர்களிடமே கேட்டார், அவர்கள் தமது எக்செல் கோப்பை அனுப்பினர். சராசரியைக் கணித்த கட்டத்தில், 30ஆம் நிரை முதல் 49ஆம் நிரை வரை கூட்டவேண்டிய சூத்திரம் 44ஆம் நிரையுடன் நின்றிருந்தது. அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கில் சேரவில்லை. அன்றியும், நியூசிலாந்தின் சில ஆண்டுகள் விடப்பட்டிருந்தன. அந்நாட்டின் 1951ஆம் ஆண்டு ஒன்று மாத்திரம், பிரித்தானியாவின் 19 ஆண்டுகளுக்குச் சமமான நிறையுடன் சராசரியில் இடம்பெற்றிருந்தது. ஹேண்டனும் அவரது ஆசிரியர்களான மைக்கல் ஆஷ், றொபேட் பொலின் ஆகியோரும் 2013இல் வெளியிட்ட திருத்தத்தின்படி, அச்சராசரி 2.2 சதவீதமாகும். மறை எண் நேர் எண்ணாயிற்று.

ஈண்டு நியாயமாகப் பேசுதல் வேண்டும். சூத்திரப் பிழையின் பங்கு சிறிது. பெரும் வேறுபாடு ஆண்டுகளை விடுத்தமையாலும் நிறையிட்ட முறையாலும் எழுந்தது. சூத்திரப் பிழையை ஆய்வாளர் இருவரும் ஒப்புக்கொண்டனர். தமது பொதுவான முடிவு நிலைக்கின்றது என வாதிட்டனர். கேட்டவுடன் கோப்பைக் கொடுத்தமை அவர்களது பெருமை. ஆனால் சிந்திப்பீர்: கட்டுரை வெளிவந்ததற்கும் பிழை வெளிவந்ததற்கும் இடையே மூன்று ஆண்டுகள். அக்காலம் முழுவதும் அந்த ஐந்து நாடுகள் இல்லாமலே உலகம் விவாதித்தது. தரவும் கணிப்பும் விளைவும் ஒரே தாளிற் கலந்துகிடக்கும் எக்செல் கோப்பில், எது கொடுக்கப்பட்டது, எது செய்யப்பட்டது, எவ்வரிசையிற் செய்யப்பட்டது என்பனவற்றைப் பிரித்தறிதல் அரிது. பேரறிஞர்க்கே அக்கதி எனின், தேர்வுக்கு முந்திய வாரம் இரவிரவாக விழித்திருந்து கட்டங்களை வெட்டி ஒட்டும் நமது மாணவரின் கதி யாது?

இது தனியொரு விபத்துமன்று. 1986இல் அமெரிக்கன் இக்கொனொமிக் றிவியூ என்னும் ஆய்விதழில் டிவோல்ட், தேஸ்பி, அண்டர்சன் ஆகியோர், வெளியிடப்பட்ட ஆய்வுகளில் அறியாது நேர்ந்த பிழைகள் அரியன அல்ல, வழக்கமானவை எனக் காட்டினர். 2015இல் சாங், லீ ஆகிய இருவர் புகழ்பெற்ற இதழ்களில் வந்த 67 கட்டுரைகளின் விளைவுகளை மீளப் பெற முயன்றனர். ஆய்வாளரின் துணையின்றி அவர்களால் மீட்க முடிந்தவை 22 மாத்திரமே. அமெரிக்கப் பொருளியற் சங்கம் 2019 முதல், தரவையும் கட்டளைகளையும் வெளியீட்டுக்கு முன்னரே சரிபார்க்கும் முறையைத் தனது இதழ்களில் நடைமுறைப்படுத்தி வருகின்றது. உலகம் அவ்வாறு நகர, நாம் இன்னும் அட்டவணையின் அழகைப் பார்த்துப் புள்ளியிடுகின்றோம்.

இனி, நமது நாட்டுத் தரவுக்கு வருவோம். இங்கே கோப்பு ஒழுங்கென்பது தொழில்நுட்பப் பிரச்சினையாக மட்டும் நிற்பதில்லை. அது நமது மக்களின் இருப்போடு தொடர்புடையதாகின்றது. தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின அளவீடு 1990/91, 1995/96, 2002 ஆகிய சுற்றுகளில் வடக்கு, கிழக்கு மாகாணங்களை உள்ளடக்கவில்லை. 2006/07இல் வடமாகாணமும் திருகோணமலை மாவட்டமும் விடுபட்டன. 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்கள் விடுபட்டன. 2012/13இலேயே 25 மாவட்டங்களும் அதில் இடம்பெற்றன. போர் காரணமாக நேர்ந்த இவ்விடுபாடுகளைத் திணைக்களம் தன் அறிக்கைகளில் மறைக்கவில்லை, தெளிவாகவே குறித்துள்ளது. மறைப்பவர்கள் நாமே. எவ்வாறெனின், அறிக்கையிலிருந்து எண்ணைமட்டும் எடுத்துக் கோப்பில் இடுகின்றோம். குறிப்பை அறிக்கையிலேயே விட்டுவிடுகின்றோம். நிரலின் தலையில் ‘இலங்கை’ என்று எழுதுகின்றோம். 2002இன் ‘இலங்கை’ ஏழு மாகாணங்களின் இலங்கை. 2012/13இன் ‘இலங்கை’ ஒன்பது மாகாணங்களின் இலங்கை. இவ்விரண்டையும் ஒரே கோட்டால் இணைத்து வறுமை வீழ்ந்தது, ஏறியது என வரைபடம் கீறுவோர், வடக்கையும் கிழக்கையும் இரண்டாம் முறை அழிக்கின்றனர்.

குடிசனத் தொகைமதிப்பிலும் இதே பாடம் உண்டு. 1981இன் தொகைமதிப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம். 2012இல் அது ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். இரு எண்களையும் கோப்பிலிட்டுக் கழித்தால், 2 இலட்சத்து 47 ஆயிரம் மக்கள் குறைந்தனர் என விடை வரும். ஆனால் 1981இன் யாழ்ப்பாண மாவட்டத்துள் கிளிநொச்சி அடங்கியிருந்தது. அது தனி மாவட்டமானது 1984இல். அப்பகுதியின் ஏறத்தாழ 92 ஆயிரம் பேரை நீக்கி, இன்றைய எல்லைக்குள் ஒப்பிட்டால், குறைவு ஏறத்தாழ 1 இலட்சத்து 55 ஆயிரமாகும். இடப்பெயர்வும் புலப்பெயர்வும் உயிரிழப்பும் உண்மை. அவ்வுண்மையின் அளவைச் சொல்லப் புகுந்தவனுக்குச் சரியான எண் கடமை. ‘மாவட்ட எல்லை 1984இல் மாறியது’ என்ற ஒரு வரிக் குறிப்புக் கோப்பில் இல்லாத காரணத்தால் 92 ஆயிரம் பேர் இடம்பெயர்ந்தோராகிவிடுகின்றனர். நமது துயரத்தை மிகைப்படுத்திக் காட்டும் எண்ணும் நமக்கு எதிரான சாட்சியே; எதிர்வாதி அதைக் கண்டுபிடிக்கும் நாளில், சரியான எண்களையும் உலகம் நம்பாது.

வெற்றுக் கட்டம் ஒன்றுக்குப் பல பொருள் உண்டு. அளவீடு நடைபெறவில்லை என்பது ஒன்று. நடைபெற்றது, விடையில்லை என்பது மற்றொன்று. விடை பூச்சியம் என்பது வேறொன்று. இவற்றைப் பிரித்துக் குறிக்காத கோப்பு, அளக்கப்படாத மாவட்டத்தை எதுவுமில்லாத மாவட்டமாக ஆக்கிவிடும். காலத்தொடர்களுக்கும் இது பொருந்தும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் அடியாண்டு 1952இலிருந்து 2002, 2006/07, 2013, 2021 என மாறிவந்துள்ளது. மொத்த உள்நாட்டு உற்பத்தியின் நிலையான விலைத் தொடர்களும் 1982, 1996, 2002, 2010, 2015 ஆகிய அடியாண்டுகளின்படி தொகுக்கப்பட்டுள்ளன. எவ்வாண்டின் பெறுமதி எத்தொடரிலிருந்து எடுக்கப்பட்டது, தொடர்கள் எவ்வாறு இணைக்கப்பட்டன என்பனவற்றைக் கூறாத கோப்பிலிருந்து பெறப்படும் வளர்ச்சி வீதம், பல சமயங்களில், அடியாண்டு மாறியதன் நிழலேயன்றி வேறன்று.

அவ்வாறாயின் செய்யவேண்டியது யாது? அது மந்திரமன்று. மூலக்கோப்பைக் கைபடாது வைத்தல் முதலாவது. திணைக்களம் தந்தவாறே, அல்லது வினாக்கொத்திலிருந்து பதிந்தவாறே, வாசிக்க மட்டும் இயலும் கோப்பாக அதை ஒரு தனிக் கோப்புறையிற் பூட்டிவைத்து, பிரதியொன்றை வேறிடத்திலும் வைத்தல் வேண்டும். நச்சு நிரல் தின்ற பென்ட்ரைவோடு ஓராண்டு உழைப்பையும் இழந்தோர் நம்மிடையே குறைவல்லர். திருத்தம் எதுவாயினும் பிரதியிலேயே செய்யப்படல் வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு செயலையும் எழுத்துக் கட்டளையாற் செய்தல். ஸ்ரேற்றாவில் டூ கோப்பு, எஸ்.பி.எஸ்.எஸ்.ஸிற் சின்ரக்ஸ், ஆர் மொழியில் ஸ்கிரிப்ற் எனப் பெயர் வேறுபடினும், பொருள் ஒன்றே: செய்தவற்றின் எழுத்துச் சாட்சி. பட்டியல்களைச் சொடுக்கிப் பழகியோரும் அஞ்ச வேண்டியதில்லை, எஸ்.பி.எஸ்.எஸ்.ஸிற் பேஸ்ற் என்னும் பொத்தானை அழுத்தினால், சொடுக்கியவை கட்டளையாகவே எழுதப்பட்டுக் கிடைக்கும். முதற் கட்டளையிலிருந்து இறுதி அட்டவணை வரை அனைத்தையும் வரிசையாக இயக்கும் தலைமைக் கோப்பு ஒன்று இருத்தல் வேண்டும். அதை நண்பனின் கணனியில் இயக்கும்போதும் அதே அட்டவணை பிறக்குமாயின், ஆய்வு மெய்யாயிற்று.

மூன்றாவது, மாறி விளக்கவேடு. ‘வருமானம்’ என்பது மாதத்துக்கா, ஆண்டுக்கா? ரூபாவிலா, ஆயிரம் ரூபாவிலா? எவ்வினாவின் விடை? எந்த எண் விடையின்மையைக் குறிக்கும்? இவை ஒவ்வொன்றும் எழுத்தில் இருத்தல் வேண்டும். நான்காவது, எண்ணிக்கைக் கணக்கு. இணைப்பின் முன் எத்தனை நிரைகள், பின் எத்தனை, இணையாதவை எவை, நீக்கப்பட்டவை எவை, ஏன் என ஒவ்வொரு படியிலும் குறித்தல் வேண்டும். நூற்றிருபது நூற்றுப் பதின்மூன்றாகலாம். அவ்வேழுக்கும் காரணம் கூறும் ஏழு வரிகள் வேண்டும். ஐந்தாவது, பெயர். ‘இறுதி’, ‘இறுதி இரண்டு’, ‘உண்மையான இறுதி’, ‘சேர் திருத்திய இறுதி’ எனக் கோப்புகளுக்குப் பெயரிடும் வழக்கம் நகைப்புக்குரியதாயினும், அதன் விளைவு நகைப்புக்குரியதன்று. ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் திகதியைப் பெயரின் முன்னே இட்டால், கோப்புகள் தாமே கால ஒழுங்கில் நிற்கும்.

இதற்கு எழும் மறுப்புகளை நான் அறிவேன். “இது கணக்கப்பிள்ளை வேலை, பொருளியலாளனுக்குக் கோட்பாடே முதன்மை” என்பர் சிலர். கோட்பாட்டை நானும் மதிக்கின்றேன். ஆனால் சுரண்டலைப் பற்றி எழுதுவோன், சுரண்டப்பட்டோரின் எண்ணிக்கையை அசட்டையாகக் கையாள்வானாயின், அவனது கோட்பாடு எவர் சார்பில் நிற்கின்றது? உயர்ந்தோர் சிந்திப்பர், தாழ்ந்தோர் எண்ணுவர் என்னும் பாகுபாடு, எண்ணுவோரின் உழைப்பைக் காணாத மேட்டிமையன்றி வேறில்லை. தரவைத் துப்புரவாக்குவதும் சிந்தனையே. எந்த ஏழு குடும்பங்கள் ஆய்வினின்று வெளியேற வேண்டும் எனத் தீர்மானிப்பதிலும் பார்க்கக் கோட்பாட்டுப் பெறுமானமுள்ள தீர்மானம் வேறு யாது?

“நேரமில்லை” என்பர் மாணவர். மேற்பார்வையாளர் ஒரு மாறியைச் சேர்க்கும்படி கூறியதும், பதினெட்டு அட்டவணைகளையும் மீண்டும் சொடுக்கிச் சொடுக்கி ஆக்குவோரின் நேரத்தையும், ஒரு வரியைத் திருத்தித் தலைமைக் கோப்பை இயக்கிவிட்டுத் தேநீர் அருந்தச் செல்வோரின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க. “மென்பொருளுக்குப் பணமில்லை” என்பது இன்று செல்லாது. ஆர் மொழி இலவசம்; எஸ்.பி.எஸ்.எஸ்.ஸை ஒத்த பி.எஸ்.பி.பி.யும் இலவசம். எக்செல் தவிர வேறெதுவும் இல்லாதவனும் மூலத் தாளை வேறாக்கலாம். திருத்தங்களை ஒரு தாளில் எழுதலாம். ஒழுங்கு மென்பொருளில் இல்லை, பழக்கத்திலேயே உள்ளது.

“தரவு இரகசியமானது, பிறருக்குக் கொடுக்க இயலாது” என்பது கவனிக்கத்தக்க மறுப்பு. குடும்பங்களை இனங்காட்டும் விபரங்களைக் காப்பது ஆய்வாளனின் கடன்; திணைக்களத்தின் நிபந்தனைகளும் மீறத்தக்கன அல்ல. ஆனால் கட்டளைக் கோப்பில் எவரின் இரகசியமும் இல்லை. அதை வெளியிடலாம், தரவைத் துறையின் பாதுகாப்பில் வைக்கலாம். இரகசியத்தைக் காரணங்காட்டிக் கட்டளைகளையும் மறைப்போர், பெரும்பாலும், குடும்பங்களையன்றித் தம்மையே காக்கின்றனர்.

இவ்வொழுங்கு பிழையை ஒழித்துவிடும் என நான் கூறவில்லை. கட்டளை எழுதுவோனும் பிழைவிடுவான். ஆனால் எழுதப்பட்ட பிழையை இன்னொருவர் காணலாம், திருத்தலாம். எழுதப்படாத பிழையோ உண்மையின் வேடத்தில் என்றும் நிலைக்கும்.

ஆதலின், நமது பொருளியல், புள்ளிவிபரவியல் துறைகளின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கின்றேன். ஆய்வேட்டோடு கட்டளைக் கோப்பும், விளக்கவேடும், எண்ணிக்கைக் கணக்கும் கட்டாயமாகச் சமர்ப்பிக்கப்படல் வேண்டும். பரீட்சகர் ஓர் அட்டவணையையேனும் தாமே இயக்கிப் பார்த்த பின்னரே புள்ளியிடல் வேண்டும். மீளப் பெற முடியாத அட்டவணைக்குப் புள்ளியில்லை. தரவுக் கோப்புப் பேணல் இறுதியாண்டின் அவசர வகுப்பாகவன்றி, முதலாண்டிலேயே பாடமாதல் வேண்டும். விரிவுரையாளர்களும் தம் சொந்த ஆய்வுகளில் இதைக் கடைப்பிடித்துக் காட்டுவாராக. தாம் திறக்காத கோப்பை மாணவன் திறக்க வேண்டுமெனக் கோருதல் அழகன்று.

நீங்கள் கேட்கலாம்: ஏழு குடும்பங்களுக்காக இத்தனை ஆரவாரமா என்று. அவ்வேழு குடும்பங்களின் பெயரும் எனக்கு நினைவில் இல்லை. ஒரு தாயின் குரல் மாத்திரம் நினைவிருக்கின்றது. அடகுச்சீட்டை எடுத்து வந்து காட்டி, “இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சேர்” என்றார். எழுதிக்கொண்டேன். பின் அழித்துவிட்டேன். அவரது குடும்பம் அந்த ஏழினுள் இருந்ததா, நூற்றுப் பதின்மூன்றினுள் இருந்ததா என்பதை இன்று என்னால் அறிய முடியாது. எழுதிக்கொள் என்று மக்கள் நம்மிடம் ஒப்படைத்ததை, எழுதியவாறே காத்து வைத்தல் நமது முதற் கடன். அதைச் செய்யாத பல்கலைக்கழகம் எத்தனை கோட்பாடுகளைக் கற்பித்தாலும் கற்பித்ததாகாது.